கருட சேவையன்று மூன்றாம் கேட்

ஒவ்வொரு கேட்டுக்கும் முந்தின வாரம் ஸுதர்சன் சென்னையிலிருந்து ஜாஹ்னவிக்குப் போன் செய்வான். குசலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது. எடுத்த எடுப்பில், "ஓட்டை எங்க?" என்பான். அவளும் மறைக்காமல் சொல்லிவிடுவாள்.

கேட் என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிட வேண்டும். அவர்கள் வேலை பார்த்த மென்பொருள் கம்பெனியில் ஒரு ப்ராஜெக்டை ஆரம்பித்தவர்கள் தம் பாட்டுக்கு அதை முடித்துவிட முடியாது. யோசனை ஒரு கட்டம், திட்டம் ஒரு கட்டம், செய்து காட்டுவது ஒரு கட்டம் என்று பிரித்து, கட்டத்துக்குக் கட்டம் நடுவே ஒரு வாசலை வைத்திருந்தார்கள். அந்த வாசலில் மூன்று பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் 'கோ' என்றால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். 'ஹோல்ட்' என்றால் நின்று, சரி செய்துகொண்டு வர வேண்டும். 'கில்' என்றால் அன்றோடு கடையைக் கட்ட வேண்டியதுதான். ஒரே வாசலில் இரண்டாம் முறை ஹோல்ட் வாங்கினால் அதுவும் கில்தான். வரதராஜப் பெருமாள் கோயிலில்கூட இத்தனை கெடுபிடி இல்லை. அங்கே மத்தியானம் நடை சாத்தினால் சாயங்காலம் திறந்துவிடுகிறார்கள்.

அந்த மூன்று பேருக்கும் தலைமை நீலாம்பாள் மேடம். ஸுதர்சன் இன்னொருவன். அவனும் ஜாஹ்னவியும் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். ஏனாத்தூர் காலேஜுக்கு ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனவர்கள். வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு முந்தின நாள், தனக்கு எந்தப் பாடம் வராது என்பதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். மற்றவர் அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்துவிடுவார். அந்தப் பழக்கம் வேலைக்கு வந்த பிறகும் விடவில்லை. கம்பெனியில் சேர்ந்த பிறகு ஸுதர்சன் சென்னையிலேயே இருந்து மளமளவென்று மேலே ஏறினான். ஜாஹ்னவி சண்டை போட்டு, சொந்த ஊரிலேயே ஒரு கிளையைத் திறக்க வைத்துத் திரும்பி வந்தாள். அவளுடைய ப்ராஜெக்ட் கேட்டுக்கு வரும்போது, அவள் முன்கூட்டியே சொன்ன ஓட்டையையே அவன் புதிதாகக் கண்டுபிடித்தவன் மாதிரி கூட்டத்தில் கேட்பான். அவளிடம் பதில் தயாராக இருக்கும். மற்ற இரண்டு பேரும் தலையை ஆட்டுவார்கள். இது சரியா என்றால், விதியில் கூடாது என்று எழுதியிருக்கவில்லை. இரண்டு வாசல்களை அப்படித்தான் தாண்டினாள்.

அவளுடைய ப்ராஜெக்ட் தறிக்கானது. பட்டுப் புடவையின் பார்டரில் ஒரு டிசைனை மாற்ற வேண்டும் என்றால் கட்டுக்கட்டாக அட்டையில் ஓட்டை குத்தி, தறியின் தலையில் இருந்து நூலைத் தூக்கும் ஜக்கார்ட் என்கிற கருவியில் கோத்துத் தொங்கவிட வேண்டும். வாரக்கணக்கில் ஆகிற வேலை. அந்த அட்டையே வேண்டாம், கம்ப்யூட்டரில் வரைந்ததைத் தறி நேராக எடுத்துக்கொள்ளட்டும் என்பது அவள் யோசனை. மென்பொருளை எழுதியவன் பக்கத்துக் கூரம் கிராமத்துப் பையன் வேல்முருகன். சரி பார்த்தவள் ஜீவிதா. கம்ப்யூட்டருக்கும் ஜக்கார்டுக்கும் நடுவே இருந்து நூலைத் தூக்கச் சொல்லும் பெட்டியைச் செய்தவன் தர்மன். அவன் டி.வி. மெக்கானிக்காக இருந்தவன். பிள்ளையார்பாளையத்தில் சிட்டிபாபு என்பவரின் வீட்டு முன்கூடத்தை வாடகைக்குப் பிடித்து, அவர் தறியிலேயே சோதனை நடந்துகொண்டிருந்தது.

மாசியில் மூன்றாம் கேட் வந்தபோது ஒரு ஹோல்ட் விழுந்தது. பார்டரில் அன்னப்பட்சிக்கு இரண்டு கழுத்து வந்துவிட்டது. பெட்டி ஒரு வரியை இரண்டு தடவை வாங்கியிருந்தது. அதைச் சரி செய்யச் சித்திரை முடிந்துவிட்டது. இனி ஒரு ஹோல்ட் வந்தால் ப்ராஜெக்டும் போச்சு, காஞ்சிபுரம் கிளையும் போச்சு. சென்னையில் கிடைத்த வேலையை வேல்முருகன் உதறிவிட்டு இங்கே சேர்ந்தது ஜாஹ்னவி கொடுத்த வாக்கை நம்பித்தான். அதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வைகாசி பிறந்ததும் போன் வந்தது.

"ஓட்டை எங்க?"

"சாஃப்ட்வேர்ல ஒண்ணும் இல்லடா. தர்மன்தான் ஓட்டை," என்றாள் ஜாஹ்னவி. "பெட்டி சூடேறித்துன்னா முரண்டு பிடிக்கறது. அவன் ஒருத்தன் கைக்குத்தான் அடங்கறது. வேல்முருகனுக்குச் சொல்லிக் குடுத்துண்டு இருக்கான், ஆனா இன்னும் முழுசா வரல. கேட் அன்னிக்கு தர்மன் தறிகிட்ட நின்னான்னா ஜெயிச்சுட்டோம்."

"அவ்வளவுதானே? பார்த்துக்கலாம்," என்றான் ஸுதர்சன்.

இரண்டு நாளில் தேதி வந்தது. காலை பத்து மணி, பிள்ளையார்பாளையம், நேரில் வந்து பார்ப்பதாக. எந்த நாள் என்று பார்த்தவள் காலண்டரை இன்னொரு தடவை பார்த்தாள். வைகாசிப் பிரம்மோற்சவத்தில் கருட சேவை நாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. விடியலில் வரதர் கருடன்மேல் ஏறிக் கோபுர வாசலைத் தாண்டி வந்துவிட்டால், பெரிய காஞ்சிபுரம்வரை போய்த் திரும்பும்வரைக்கும் ஊரில் வேறு வேலை கிடையாது. ஆபீஸாவது, மீட்டிங்காவது. அதிலும் தர்மன் ஸ்ரீபாதம் தாங்குகிறவன். பெருமாளைத் தோளில் சுமக்கிறவர்களுக்கு அப்படிப் பெயர். அவன் அப்பா சுமந்தார், அவருக்கு முன்னால் அவருடைய அப்பா. அந்த நாளில் தர்மனை வேறு இடத்தில் தேடுவது வீண் வேலை. சன்னதித் தெருவில் சின்னக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்.

ஜாஹ்னவி உடனே ஸுதர்சனைக் கூப்பிட்டாள்.

"என்னடா இது, கருட சேவையன்னிக்கு வெச்சிருக்கா?"

"நானும் பார்த்தேன். தலையில அடிச்சுண்டேன். நீலாம்பாள் மேடம் டைரியில வேற நாளே இல்லையாம். அவாளுக்கு நம்மூரைப் பத்தி என்ன தெரியும், சொல்லு."

"மத்தியானமாவது வெக்கச் சொல்லேன். ஒரு மணிக்கெல்லாம் தர்மன் வந்துடுவான்."

"கேட்டுப் பார்க்கறேன்," என்றான். மறுநாள் அவனே கூப்பிட்டு, "கேட்டேன் ஜானு, முடியாதுன்னுட்டா. ரெண்டு மணிக்கு அவா மெட்ராஸ்ல இருக்கணுமாம். நீ நேரா மேடத்துகிட்டப் போயிடாத, ஏற்கெனவே ஒரு ஹோல்ட் இருக்கு, கெஞ்சற மாதிரி ஆயிடும். காலம்பறயே பண்ணிடு. நான் உள்ள இருக்கேன் இல்லையா?" என்றான். அவன் உள்ளே இருக்கிறான் என்பதில்தான் அவளுக்குத் தைரியமே.

தர்மனிடம் போய் நின்றாள். அவன் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நீ கேக்கறதுக்கு முன்னாடியே தெரியும்மா," என்றான். "வேற எந்த நாளு சொன்னாலும் ராத்திரி பகலா நின்னுக்கினு இருப்பேன். அன்னிக்கு மட்டும் தோள் குடுக்காம இருக்க முடியாது. எங்கப்பா ஜுரத்தோட தூக்கினாரு. வேல்முருகனுக்கு எல்லாம் சொல்லித் தரேன். இறக்கி வெச்ச நிமிஷம் ஓடி வந்துடறேன்."

அவளால் அதற்குமேல் கேட்க முடியவில்லை. கேட்டிருந்தால் அவள் அம்மாவே அவளை வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டாள்.

மிச்சமிருந்த நாளெல்லாம் வேல்முருகன் பெட்டியோடு குடும்பம் நடத்தினான். தர்மன் கண்ணை மூடிக்கொண்டு நிற்க, இவன் தனியாக ஓட்டிக் காட்டினான். ஓடியது. இன்னொரு முறையும் ஓடியது. ஜீவிதா பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து வைத்தாள். எல்லோரும் கொஞ்சம் சிரித்தார்கள்.

கேட்காரர்கள் முந்தின நாளே வந்து காந்தி ரோட்டு லாட்ஜில் தங்கினார்கள். காலையில் வேல்முருகன் சந்து சந்தாக நடத்தி அவர்களைப் பிள்ளையார்பாளையத்துக்கு அழைத்து வந்தான். நீலாம்பாள் மேடம் ஐம்பதைத் தாண்டியவர், காட்டன் புடவை, குறைவாகப் பேசுகிறவர். மூன்றாமவர் கணக்குப் பிரிவுக்காரர், ஓயாமல் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஸுதர்சன் ஜாஹ்னவியைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தான். பயப்படாதே என்று அதற்கு அர்த்தம். காலேஜ் நாளிலிருந்து அவளுக்கு அது பழக்கம்.

சிட்டிபாபு தறியில் உட்கார்ந்தார். பார்டர் ஏற ஆரம்பித்தது. அன்னப்பட்சியின் கால் வந்தது, வயிறு வந்தது, ஒரே ஒரு கழுத்து அழகாக வளைந்து வந்தது. நீலாம்பாள் மேடம் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். ஜாஹ்னவி மூச்சை விட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் மேடம். "போதுமா?"

"இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும் மேடம்," என்றான் ஸுதர்சன். "சூடேறின பிறகு எப்படி ஓடறதுன்னு பார்க்கணும். அந்த ஃபேனையும் நிறுத்திடலாம். நெசவாளர் வீட்ல எல்லாம் பெட்டிக்குன்னு தனியா ஃபேன் வெப்பாளா என்ன?"

கேட்டது நியாயமான கேள்வி. பழைய பழக்கப்படி இதற்கும் அவளிடம் பதில் தயாராக இருக்கும் என்று நினைத்துக் கேட்கிறானாக்கும் என்று ஜாஹ்னவி அவனைப் பார்த்தாள். இந்தக் கேள்விக்கு ஒரே பதில் தர்மன்தான். அவன் கருடனுக்குக் கீழே இருந்தான். ஸுதர்சன் அவள் பக்கம் திரும்பவில்லை.

ஃபேன் நின்றது. வைகாசி வெயில், ஓட்டுக் கூரை. கொஞ்ச நேரத்தில் பெட்டி முனக ஆரம்பித்தது. வேல்முருகன் தர்மன் சொல்லித் தந்தபடியெல்லாம் தொட்டுப் பார்த்தான். பெட்டி ஒரு வரியை விட்டது, பிறகு சேர்ந்தாற்போலப் பல வரிகளை விட்டது, பிறகு நின்றேவிட்டது. சிட்டிபாபு தறியிலிருந்து காலை எடுத்துக்கொண்டார்.

மூன்று பேரும் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். முடிவெடுக்கும்போது ப்ராஜெக்ட் ஆட்கள் இருக்கக் கூடாது. ஜாஹ்னவி முற்றத்தில் நின்றாள். தூரத்தில் மேளச் சத்தம் கேட்டது. மூன்று பேரில் ஒருவர் பிடிவாதமாக நின்றாலும் நிபந்தனையோடு 'கோ' கொடுக்கலாம் என்று விதி இருந்தது. ஒருவன் இருக்கிறானே என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கதவு திறக்க அதிக நேரம் ஆகவில்லை.

"ஸாரி ஜாஹ்னவி," என்றார் நீலாம்பாள் மேடம். "ரெண்டாவது தடவை. மூணு பேரும் ஒண்ணாத்தான் முடிவு பண்ணோம்."

ஜாஹ்னவி ஓரடி முன்னால் வந்தாள். "மேடம், பெட்டியைப் பண்ணினவர் ஒரு மணிக்கு வந்துடுவார். உங்களுக்கு ரெண்டு மணிக்கு அங்க இருக்கணும்னு தெரியும். இருந்தாலும்..."

மேடம் புரியாமல் பார்த்தார். "எங்க இருக்கணும்? எனக்கு இன்னிக்கு வேற வேலையே இல்லையே. கருட சேவை பார்க்கணும்னு முழு நாளும் ஒதுக்கி வெச்சிருக்கேன். நான் மூணு தேதி குடுத்தேன். ஸுதர்சன்தான் இன்னிக்கு வெச்சா ரெண்டும் பார்த்துடலாம்னார். உங்களுக்கு மத்தியானம் வேணும்னா முன்னாடியே கேட்டிருக்கலாமேம்மா, தாராளமா வெச்சிருப்பேன். இப்ப முடிவு சொன்னதுக்கப்புறம் மாத்தினா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க."

ஸுதர்சன் வாசலில் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். ஒரு செருப்பு மாட்ட அவ்வளவு நேரம் ஆகாது.

ஜாஹ்னவி அப்போதே போட்டு உடைத்திருக்கலாம். நான் கேட்டேன் மேடம், இவனிடம்தான் கேட்டேன் என்று ஒரு வார்த்தை. அது வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால், ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் தன் ஓட்டையை அவனிடம் ஒப்பித்த கதையையும் சொல்ல வேண்டும். தோற்றவள் சாக்குச் சொல்கிறாள் என்றுதான் யாருக்கும் தோன்றும். அதைவிட, இவன் இப்படிச் செய்தான் என்பதை அவளே இன்னும் தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. மூன்று பேரும் படியிறங்கிக் கூட்டத்துக்குள் போனார்கள்.

அவள் தறிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தர்மன்தான் ஓட்டை என்று யார் சொன்னது? அவள்தான் சொன்னாள். அவன் இல்லாத ஒரே நாள் எது என்று சென்னையில் யாருக்குத் தெரியும்? ஒருவனுக்குத்தான் தெரியும். அவனும் அவள் தெருவிலேயே வளர்ந்தவன், சின்ன வயதில், தர்மனின் அப்பா பெருமாளைச் சுமந்த காலத்தில், தர்மனின் தோளில் உட்கார்ந்து அவனும் கருட சேவை பார்த்திருக்கிறான். ஊரார் யாராவது செய்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பாள். இவனை நினைத்தால் அழுகைதான் வந்தது. ஜீவிதா கூடத்தை விட்டு வெளியே போய் நின்றுகொண்டாள்.

ஒரு மணி ஆவதற்குள் தர்மன் ஓடி வந்தான். தோள் சிவந்து வீங்கியிருந்தது. யாரையும் எதுவும் கேட்காமல் பெட்டியைத் திறந்து, காதைப் பக்கத்தில் வைத்து, எதையோ கொஞ்சம் தளர்த்தி, எதையோ இறுக்கினான். "ஓட்டுங்க நைனா," என்றான் சிட்டிபாபுவிடம். தறி ஓடியது. ஃபேன் இல்லாமலே ஓடியது. அன்னப்பட்சிகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன.

"எங்கம்மா அவங்கல்லாம்? சாப்பிடப் போயிருக்காங்களா?" என்றான்.

வேல்முருகன்தான் பதில் சொன்னான். "போயிட்டாங்கண்ணா. மூடியாச்சு."

தர்மன் தறியை நிறுத்தச் சொல்லவில்லை. நூல் தீர்கிற வரைக்கும் அது ஓடட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றான்.

பதினைந்து நாளில் கிளையை ஒழித்துவிட்டார்கள். பெட்டி சென்னை ஆபீஸின் ஸ்டோர் ரூமுக்குப் போயிற்று. வேல்முருகன் பெங்களூருக்கு டிக்கெட் எடுத்தான். போகும்போதுகூட ஜாஹ்னவியை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஜீவிதாவை வேறு பிரிவில் போட்டார்கள். ஜாஹ்னவியை எங்கே போடுவது என்று இன்னும் முடிவாகவில்லை. இந்தக் கிளைக்கென்று ஒதுக்கியிருந்த பணமும் இடமும் ஸுதர்சனின் புது ப்ராஜெக்டுக்குப் போகின்றன என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். பட்டுக்கடைகளுக்கு பில் போடும் மென்பொருள். அவளுடையது சாகாமல் அதற்கு வழி கிடைத்திருக்காது. அப்போதுதான் அவளுக்குக் காரணமும் புரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஸுதர்சன் வீட்டுக்கு வந்தான். கையில் மந்தாரை இலையில் கட்டின கோயில் இட்லி. ஊருக்கு வந்தால் அவன் எப்போதும் கொண்டு வருவான்.

"வாடா ஸுதர்சா, இளைச்சுப் போயிட்டியே," என்று ஜாஹ்னவியின் அம்மா ரமாமணி அவனை உட்கார வைத்து, அந்த இட்லியையே துண்டு போட்டு, மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் வைத்துக் கொடுத்தாள். அம்மாவுக்கு ஜாஹ்னவி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"என் டீம்ல வந்துடு ஜானு," என்றான் அவன் சாப்பிட்டுக்கொண்டே. "உனக்குன்னு ஒரு இடம் கேட்டு வெச்சிருக்கேன். நடந்ததை நினைச்சுண்டே இருக்காத. கேட்னா அப்படித்தான், சில ப்ராஜெக்ட் போகும்."

ஜாஹ்னவி எதிரே உட்கார்ந்தாள். "ஒண்ணு கேக்கறேன். கருட சேவையன்னிக்குத் தேதி வெச்சது யாரு?"

இட்லியைப் பிட்ட கை நிற்கவில்லை. "மேடம்தான். அன்னிக்கே சொன்னேனே."

"மத்தியானத்துக்கு மாத்தச் சொல்லிக் கேட்டியா?"

"கேக்காம இருப்பேனா? நீ சொல்லி நான் கேக்காம இருந்திருக்கேனா? அவாதான் பிடி குடுக்கல."

உண்மையைச் சொல்லியிருந்தால், அல்லது தலையையாவது குனிந்திருந்தால், அவள் என்ன செய்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. ஒருவேளை கத்தித் தீர்த்துவிட்டு மன்னித்திருப்பாள். அவனோ மிளகாய்ப்பொடியைத் தொட்டுக்கொண்டு இத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டான். மேடம் அன்றைக்கு முற்றத்தில் சொன்னது இவன் காதில் விழவில்லையா, இல்லை, விழுந்தும் அது அவளுக்கு உறைத்திருக்காது என்று நினைக்கிறானா? எதுவானாலும் அவளை அவ்வளவு லேசாக எடை போட்டிருக்கிறான்.

அவன் அதற்குள் அடுத்ததற்குப் போய்விட்டான். புதன்கிழமை அவனுடைய ப்ராஜெக்டுக்கு இரண்டாம் கேட். திட்டம் முழுவதையும் விலாவாரியாகச் சொன்னான். என்னென்ன செய்யும், யார் யார் எழுதுவார்கள், எப்போது முடியும். ஆடிக்குள் தயாராகிவிடும், ஆவணியில் காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகளில் வைத்து நேரடியாகச் சோதித்துப் பார்ப்பது, அதில் ஜெயித்தால் அடுத்த கேட். நீலாம்பாள் மேடத்துக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது, அதில் தோற்றால் தன் பெயரே போய்விடும் என்றான்.

சொல்லி முடித்துவிட்டு முன்னால் சாய்ந்தான். "நீ ஒருத்திதான் உள்ளதைச் சொல்லுவ. ஓட்டை எங்க?"

அவள் தேடக்கூட வேண்டியிருக்கவில்லை. ஆவணி. முகூர்த்தம் ஆரம்பித்துவிட்டால் காந்தி ரோட்டில் முதலாளிக்கே உட்கார இடம் கிடைக்காது. கல்யாண கோஷ்டி வேன் வேனாக வந்து இறங்குகிற நேரத்தில், பில் போடுகிற இடத்தில் புதிதாக ஒன்றை வைத்துப் பழகச் சொன்னால் விரட்டி அடிப்பார்கள். கல்யாணம் இல்லாத மார்கழிக்குத் தள்ளிப் போட்டால் தீர்ந்தது. சென்னையில் இருந்து இருந்து ஊர் மறந்துவிட்டது போலிருக்கிறது இவனுக்கு. கருட சேவை மட்டும் மறக்கவில்லை.

ஆவணி என்கிற வார்த்தை அவள் நாக்கில் வந்து நின்றது. அவன் முகத்தில் எந்தச் சந்தேகமும் இல்லை. அவள் சொல்லப்போவதை அப்படியே எடுத்துக்கொள்ளக் காத்திருந்தான், வைவாவுக்கு முந்தின நாள் மாதிரி. இத்தனை செய்த பிறகும் இவன் என்னை நம்புகிறான் என்று அவளுக்குத் தோன்றியபோது ஒரு நிமிஷம் மனசு தடுமாறியது.

"ஒண்ணும் இல்லடா," என்றாள். "நன்னாயிருக்கு."

"நிஜமாவா?"

"நிஜமா."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. கையை அலம்பிக்கொண்டு, அம்மாவிடம் சொல்லிக்கொண்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனான். தெரு முனையில் திரும்பும்போது கையை ஆட்டினான். அவளும் ஆட்டினாள்.

"பாரேன், எவ்வளவு பெரிய வேலைக்குப் போயும் உன்னைக் கேட்டுண்டுதான் எதையும் பண்றான்," என்றாள் ரமாமணி. "நல்ல பிள்ளைடி."

ஜாஹ்னவி அவன் சாப்பிட்ட மந்தாரை இலையை எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் போட்டுவிட்டு, கிணற்றடியில் நின்று ரொம்ப நேரம் கையைத் தேய்த்துத் தேய்த்து அலம்பினாள்.